குட்டியானையில் சிவப்பு மட்டும் ஏன் வெளுத்தது?

வாசகர் கேள்விகள், ஸ்டிக்கர் கடைக்காரர் பதில்கள்

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகளுக்கு நடுவே கடை வைத்திருப்பவன் என்பதால் எனக்கு வரும் கேள்விகளெல்லாம் லாரி, வேன் பற்றித்தான் இருக்கும் என்று நினைத்தேன். வந்த கடிதங்களைப் பிரித்தால் ஊறுகாய் பாட்டில், விமான பொம்மை, பம்ப் மோட்டார், காபிக் கோப்பை என்று எல்லாம் இருக்கிறது. சுற்றிச் சுற்றி எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: எந்த பிரிண்ட் ரொம்ப நாள் நிற்கும்? அதனால் இந்த முறை முழுக்க அதுவே.

என் குட்டியானையின் இரண்டு பக்கமும் கடைப் பெயரும் தக்காளிப் படமும் டிஜிட்டல் பிரிண்ட் எடுத்து ஒட்டினேன். எட்டே மாதத்தில் தக்காளி வெளிறி ரோஸ் கலருக்கு வந்துவிட்டது, பச்சைக் காம்பு நீலமாகிவிட்டது. பக்கத்து வண்டிக்காரர் வெறும் சிவப்பு எழுத்தை வெட்டி ஒட்டி நாலு வருஷம் ஆகிறது, அப்படியே இருக்கிறது. என்னை ஏமாற்றிவிட்டார்களா?
*காய்கறி வியாபாரி, ஒட்டன்சத்திரம்*

ஏமாற்றினார்கள் என்று சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள்.

முதலில் அந்தத் தக்காளி. பிரிண்ட் மெஷினில் சிவப்பு மை என்று தனியாக ஒன்று பெரும்பாலும் இருக்காது. மெஜந்தா என்கிற ரோஸ் மையும் மஞ்சளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொடிப் புள்ளியாக விழுந்து நம் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிகிறது. இந்த இரண்டும்தான் வெயிலுக்கு முதலில் தோற்கும். சயான் என்கிற நீல மையில் இருப்பது செம்பு கலந்த ஒரு நிறமி, கார் பெயிண்டிலும் போடுவது, லேசில் அசையாது. கருப்பு என்பது கரி, அதை வெயில் ஒன்றும் செய்ய முடியாது. ஆக மஞ்சள் போனால் பச்சைக் காம்பு நீலமாகும், சிவப்பில் மஞ்சளும் போய் மெஜந்தாவும் பாதி போனால் மிச்சம் ரோஸ்தான். பழைய சலூன் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஹேர்ஸ்டைல் படங்களைப் பார்த்திருப்பீர்கள், எல்லா இளைஞர்களும் நீல முகத்தோடு சிரித்துக்கொண்டிருப்பார்கள். அதே கதை.

பக்கத்து வண்டிக்காரர் ஒட்டியது பிரிண்டே கிடையாது. கலர் வினைல் ரோலை கட்டிங் மெஷினில் எழுத்தாக வெட்டி ஒட்டியது. அதில் நிறம் மேலே பூசியதாக இல்லாமல் பிளாஸ்டிக்கோடு சேர்த்தே பிசைந்தது, அந்தச் சிவப்புக்கென்றே வெயில் தாங்கும் நிறமியைத் தேர்ந்தெடுத்துப் போட்டிருப்பார்கள். மேலே ஒரு கீறல் விழுந்தாலும் உள்ளேயும் அதே சிவப்பு. ஒன்றிரண்டு நிறம் போதும், பெயரும் போன் நம்பரும்தான் என்றால் பிரிண்ட் பக்கமே போகாதீர்கள் என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வேன். பாதிப் பேர் கேட்பதில்லை, படம் வேண்டும் என்பார்கள்.

சரி, தக்காளிப் படம் வேண்டும், அதற்குப் பிரிண்ட்தான் வழி. அப்போது மெஷின் எது என்பதைவிட மூன்று விஷயம் பெரிது: மைக்கு மேலே என்ன இருக்கிறது, மைக்குக் கீழே என்ன இருக்கிறது, எந்த இடத்தில் ஒட்டுகிறோம்.

மேலே இருக்க வேண்டியது லேமினேஷன். நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் ஓடுவது ஈகோ சால்வென்ட் மை, அது வினைலின் மேல்தோலை லேசாகக் கரைத்துக்கொண்டு உள்ளே பிடிக்கும். லேமினேஷன் இல்லாமலே மூன்று வருஷம் வரை நிற்கும் என்று மை தயாரிப்பாளர்கள் எழுதுவது, மிதமான வெயிலில், செங்குத்தாக நிற்கிற பரப்புக்கு. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் நாள் முழுக்க மார்க்கெட் வாசலில் நிற்கிற வண்டிக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. மேலே புற ஊதாக் கதிரைத் தடுக்கிற லேமினேஷன் ஷீட் ஒட்டினால் ஆயுள் நன்றாகவே கூடும், தேய்த்துக் கழுவினாலும் மை போகாது. ஒன்று கவனியுங்கள், பிரிண்ட் எடுத்து ஒரு நாளாவது ஆற விட்டுத்தான் லேமினேஷன் செய்ய வேண்டும். "அரை மணி நேரத்தில் வந்து வாங்கிக்குங்க" என்கிற கடையில் மையில் இருக்கும் சால்வென்ட் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே நின்று பசையைக் கெடுக்கும், அப்புறம் ஓரம் தூக்கும், குமிழி வரும்.

கீழே இருப்பது வினைல். இதில்தான் கடைக்காரர்கள் காசு மிச்சம் பிடிக்கிறார்கள். காலெண்டர் வினைல் சப்பாத்தி மாதிரி, சூடான உருளைகளுக்கு நடுவே அழுத்தி இழுத்து எடுப்பது. காஸ்ட் வினைல் தோசை மாதிரி, ஊற்றிச் சுடுவது. இழுத்துத் தேய்த்த மாவு விட்டதும் மெல்லச் சுருங்குகிறதல்லவா, காலெண்டர் வினைலும் வெயில் பட்டுப் பட்டு அப்படிச் சுருங்கும். பழைய ஸ்டிக்கரின் ஓரத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள், சுற்றிலும் பென்சிலில் வரைந்த மாதிரி ஒரு கருப்புக் கோடு இருக்கும். ஸ்டிக்கர் உள்வாங்கி, வெளியே நின்ற பசையில் தூசி ஒட்டிக்கொண்டது அது. காஸ்ட் வினைல் சுமார் 50 மைக்ரான்தான், காலெண்டரைவிட மெல்லிசு, ஆனால் சுருங்காது, பாடியின் மடிப்பிலும் ரிவிட் தலையிலும் படிந்து உட்காரும். விலை கூடுதல். காலெண்டரிலும் மோனோமெரிக், பாலிமெரிக் என்று இரண்டு ரகம் உண்டு. மோனோமெரிக் கண்காட்சிக்கும் கடைத் தள்ளுபடி விளம்பரத்துக்கும் போதும், வண்டிக்குக் குறைந்தது பாலிமெரிக் கேளுங்கள்.

நான் ஒரு முறை ஒரு அலுமினியத் தகட்டில் ஐந்தாறு துண்டுகள் ஒட்டி, ஒவ்வொன்றின் பாதியையும் தகரத்தால் மூடி மொட்டை மாடியில் போட்டேன். வருகிறவர்களிடம் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதால் செய்தது. வீட்டு இன்க்ஜெட்டில் எடுத்தது ஒரு மழைக்கே கரைந்து வழிந்தது. லேசர் பிரிண்ட் மழைக்கு நின்றது, வெயிலுக்கு நிற்கவில்லை, நகத்தால் சுரண்டினால் பொருக்குப் பொருக்காக வந்தது. லேமினேஷன் இல்லாத ஈகோ சால்வென்டில் உங்கள் தக்காளிக்கு ஆனதே ஆனது, துடைத்தால் கைத்துணியில் மாவு மாதிரி நிறம் ஒட்டியது. லேமினேஷன் போட்ட துண்டில் மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் வித்தியாசம் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. புற ஊதா விளக்கு காட்டி மையை உடனே இறுக வைக்கிற யுவி பிரிண்ட்டில் நிறம் நன்றாக நின்றது, ஆனால் தகட்டின் மூலையில் மடித்து ஒட்டிய இடத்தில் மை வெடித்துக் கோடு கோடாகப் பிளந்திருந்தது. வெட்டி ஒட்டிய சிவப்பு வினைலுக்கு ஒன்றுமே ஆகவில்லை. அந்தத் தகடு இன்னும் கடையில் மாட்டியிருக்கிறது.

கடைசியாக, ஒட்டும் இடம். பக்கவாட்டில் மூன்று வருஷம் நிற்கிற அதே ஸ்டிக்கர் பானெட்டின் மேலோ கேபின் கூரையிலோ அதில் பாதிகூட நிற்காது, உச்சி வெயில் நேராக விழுகிறது. உங்கள் வண்டிக்கு என் யோசனை: பெயரும் நம்பரும் வெட்டின வினைல், தக்காளி மட்டும் லேமினேஷன் போட்ட பிரிண்ட். வெளுத்தால் தக்காளியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

ஸ்கிரீன் பிரிண்டிங்தான் எல்லாவற்றிலும் கெட்டி என்று எங்கள் அப்பா சொல்கிறார். உண்மையா? இப்போது யாரும் போடுவதில்லையே?
*வாசகர், சிவகாசி*

அப்பா சொல்வது சரி. சல்லடைத் துணி வழியாக ஸ்க்வீஜி என்கிற ரப்பர் பட்டையால் இழுத்து இறக்குகிற மை, இன்க்ஜெட் புள்ளியைவிடப் பல மடங்கு தடிமனாக உட்காரும். சிவப்பு வேண்டுமென்றால் சிவப்பு மையையே ஊற்றுகிறோம், கலந்து உண்டாக்குவதில்லை. வெளிப்புறத்துக்கான நிறமியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். கம்பெனியிலிருந்து வரும் பைக் ஸ்டிக்கர்களில் நிறைய ஸ்கிரீனில் அடித்தவைதான். போடாமல் போனதற்குக் காரணம் காசு: ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன், தனியாக எமல்ஷன் என்கிற, வெளிச்சம் பட்டால் இறுகும் பூச்சைப் பூசி, வெளிச்சம் காட்டி எக்ஸ்போஸ் செய்ய வேண்டும், அதனால் இரண்டு ஸ்டிக்கர் வேண்டும் என்று வருகிறவருக்குக் கட்டுப்படியாகாது. ஐந்நூறு, ஆயிரம் என்று ஒரே டிசைன் வேண்டுமென்றால் இன்றைக்கும் நான் ஸ்கிரீனுக்குத்தான் அனுப்புவேன்.

பைக் டேங்கில் ஒட்டிய ஸ்டிக்கர் பெட்ரோல் பட்டுப் பட்டு மை கரைகிறது. லேமினேஷன் போட்டும் ஓரத்தில் உரிகிறது. மேலே கிளியர் கோட் அடிக்கலாமா?
*கல்லூரி மாணவர், திருச்சி*

பெட்ரோல் ஈகோ சால்வென்ட் மைக்கு எமன். லேமினேஷன் மேலேயிருந்து காப்பாற்றும், ஆனால் வெட்டின ஓரம் திறந்துதானே கிடக்கிறது, அந்த வழியாகப் பெட்ரோல் உள்ளே போய் மையையும் பசையையும் இளக்கிவிடும். அடுத்த முறை டிசைனுக்குச் சுற்றிலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மை இல்லாத வெற்று ஓரம் விட்டு, அதையும் சேர்த்து லேமினேஷன் மூடும்படி வெட்டச் சொல்லுங்கள். மூலைகளை உருட்டி வெட்டச் சொல்லுங்கள், கூர் மூலைதான் முதலில் தூக்கும். பெட்ரோல் மூடியிலிருந்து வழிகிற பாதையில் ஒட்டாமல் இருப்பது இன்னும் நல்லது.

கிளியர் கோட் அடிக்கலாம், கம்பெனி டேங்குகளில் பல அப்படித்தான் வருகின்றன, மேலே தடவிப் பார்த்தால் ஸ்டிக்கரின் விளிம்பு கைக்குத் தட்டாது. ஆனால் சாதாரண காலெண்டர் வினைல்மேல் அடித்தால் அது பின்னால் சுருங்கும்போது கிளியரையும் சேர்த்து இழுத்து வெடிக்க வைக்கும். மெல்லிய காஸ்ட் வினைல் அல்லது தண்ணீரில் ஊற வைத்து நழுவவிட்டு ஒட்டும் வாட்டர் டிகால் ஒட்டி, நன்றாகக் காய விட்டு, முதல் இரண்டு கோட் பனி விழுந்த மாதிரி லேசாக அடித்து, பிறகுதான் முழு கோட். ஒரேயடியாக ஈரமாக அடித்தால் மை சுருண்டுவிடும். பெயிண்டரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், காரியம் முடிந்த பிறகு அவரோடு சண்டை போட்டுப் பயனில்லை. மற்றபடி எந்த ஸ்டிக்கரும் வேண்டாம் என்றால், சென்னையில் ராயல் என்ஃபீல்டு டேங்குகளுக்குத் தூரிகையால் கையாலேயே கோடு இழுத்த கைகளைப் போல ஒரு நல்ல கை கிடைத்தால் அதற்கு ஈடு எதுவும் இல்லை.

வீட்டிலேயே ஊறுகாய் போட்டு விற்கிறேன். லேபிளை வீட்டு பிரிண்டரில் எடுத்து ஒட்டுகிறேன். எண்ணெய் பட்டால் எழுத்து படர்ந்துவிடுகிறது, எடை போடும் கடையில் எடுத்த லேபிளோ வெளுத்தே போய்விட்டது. என்ன செய்யலாம்?
*குடும்பத் தலைவி, திருநெல்வேலி*

அக்கா, இரண்டும் வேறு வேறு வியாதி. உங்கள் வீட்டு பிரிண்டர் இன்க்ஜெட், அதில் சாய மை, தாளும் சாதாரண ஸ்டிக்கர் தாள், எண்ணெயும் ஈரமும் உறிஞ்சும். எடைக் கடை லேபிளில் மையே கிடையாது. அது சூடு பட்டால் கருக்கிற தாள், பஸ் டிக்கெட் மாதிரி. எண்ணெய் பட்டால் அந்தக் கருப்பு மறைந்துவிடும், அடுப்புப் பக்கம் வைத்தால் மொத்தமாகக் கருத்துவிடும். ஊறுகாய்க்கு அது ஆகவே ஆகாது.

மாதம் நூறு இருநூறு பாட்டில்தான் என்றால், தாளுக்குப் பதில் பிளாஸ்டிக் ஸ்டிக்கர் ஷீட் வாங்கி ஜெராக்ஸ் கடையில் லேசர் பிரிண்ட் எடுங்கள். லேசரின் டோனர் என்பது உருகி ஒட்டும் பிளாஸ்டிக் தூள், தண்ணீருக்குக் கரையாது. ஷீட் லேசருக்கு ஏற்றதா என்று கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் மெஷின் சூட்டில் உருகி உள்ளே மாட்டிக்கொள்ளும், ஜெராக்ஸ் கடைக்காரர் உங்களைச் சும்மா விட மாட்டார். மேலே ஒரு லேமினேஷன் ஷீட் ஒட்டினால் எண்ணெய்க் கையால் பிடித்தாலும் ஒன்றும் ஆகாது. ஆயிரக்கணக்கில் போனால் ரோல் லேபிளாக பிரஸ்ஸில் அடித்து லேமினேஷனோடு வாங்கிவிடுவது மலிவு.

தேதியும் பேட்ச் நம்பரும் ஒவ்வொரு முறையும் மாறுமே, அதற்கு ரிப்பன் போடுகிற சின்ன லேபிள் பிரிண்டர் இருக்கிறது. ரிப்பனில் மெழுகு ரகம், ரெசின் ரகம் என்று உண்டு. மெழுகு தாளுக்குத்தான், தேய்த்தால் போகும். ரெசின் ரிப்பனைப் பிளாஸ்டிக் லேபிளில் அடித்தால் எண்ணெய், உரசல் எல்லாம் தாங்கும். உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் பாதி அழிந்து நின்றால் உங்களுக்குத்தான் தொந்தரவு.

இன்னொன்று, இதைச் சொன்னால் பலர் சிரிப்பார்கள்: லேபிளை ஊறுகாய் நிரப்புவதற்கு முன்னால் ஒட்டுங்கள். நிரப்பிய பிறகு எவ்வளவு துடைத்தாலும் பாட்டிலில் எண்ணெய்ப் படலம் இருக்கும், அதன்மேல் எந்தப் பசையும் பிடிக்காது.

பிளாஸ்டிக் விமான மாடல் செய்கிறேன். வாட்டர் டிகால் தாளில் இன்க்ஜெட்டில் எடுத்தால் தண்ணீரில் போட்டதும் கலைகிறது. லேசரில் எடுத்தால் வளைவில் ஒட்டும்போது மை விரிசல் விடுகிறது. எது நல்லது?
*ஒன்பதாம் வகுப்பு மாணவன், கோயம்புத்தூர்*

தம்பி, இன்க்ஜெட்டில் எடுத்தால் தண்ணீரில் போடுவதற்கு முன் அக்ரிலிக் கிளியர் ஸ்ப்ரே இரண்டு மூன்று கோட் அடித்து, முழுசாகக் காய விட வேண்டும், அதை நீ விட்டிருப்பாய். லேசருக்கு அது கட்டாயமில்லை, ஆனால் மெல்லிசாக ஒரு கோட் அடித்தால் டோனர் விரிசல் விடாமல் பிடித்துக்கொள்ளும். இரண்டிலும் வெள்ளை நிறம் வராது, அதனால் கரும்பச்சை இறக்கைமேல் ஒட்டினால் மஞ்சளும் சிவப்பும் செத்துத் தெரியும். வெள்ளைப் படலம் உள்ள டிகால் தாளில் எடுத்து விளிம்போடு வெட்டு. ஒரு காலத்தில் ஜப்பானின் ஆல்ப்ஸ் பிரிண்டர் ரிப்பனிலிருந்து வெள்ளையும் உலோக நிறமும்கூட அடிக்கும், மாடல் செய்கிறவர்கள் அதைத் தவம் கிடந்து வாங்கினார்கள், தயாரிப்பு நின்றுபோனது. கிட்டோடு வரும் டிகால் பெரும்பாலும் ஸ்கிரீன் பிரிண்ட், அதன் கெட்டி வீட்டு பிரிண்டரில் வராது. பழைய கிட் டிகால் மஞ்சளாகியிருந்தால் தூக்கிப் போடாதே, ஜன்னல் கண்ணாடியில் வெயில் படும்படி சில நாள் ஒட்டி வை, மஞ்சள் வெளுக்கும். நாம் இத்தனை நேரம் திட்டிய வெயில் இங்கே வேலைக்கு ஆகிறது.

பம்ப் மோட்டாரில் ஒட்டும் பெயர்ப்பலகை ஸ்டிக்கர் கிரீஸ், டீசல் பட்டு ஒரு வருஷத்தில் படிக்க முடியாமல் போகிறது.
*பட்டறை உரிமையாளர், கோவை*

மையை மேலே அடித்தால் மேலே இருக்கிற எல்லாம் அதைத் தின்னத்தான் செய்யும். பாலிகார்பனேட் அல்லது பாலியெஸ்டர் ஷீட்டின் பின்பக்கம் எழுத்தைக் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி திருப்பி ஸ்கிரீனில் அடித்து, அதன்மேல் பசை கொடுத்து ஒட்டச் சொல்லுங்கள். வாஷிங் மெஷின் பட்டன் பலகையெல்லாம் அப்படித்தான். கை படுவது வெறும் ஷீட்டில், மை உள்ளே பத்திரமாக இருக்கும். டீசல் நிறையப் படும் இடத்துக்கு இரண்டில் பாலியெஸ்டர் மேல், பாலிகார்பனேட்டுக்கு ரசாயனங்கள் அவ்வளவாக ஆகாது. மோட்டார் பாடி கொதிக்கிற அளவுக்குச் சூடாகும் என்றால் ஸ்டிக்கரை விட்டுவிட்டு அலுமினியத் தகட்டில் எட்சிங் செய்து, அதாவது ரசாயனத்தால் எழுத்தை அரித்தெடுத்து, ரிவிட் அடியுங்கள். சீரியல் நம்பரைப் பஞ்ச் அடிப்பதே நல்லது.

பேரன் படம் போட்ட காபிக் கோப்பை கழுவக் கழுவ மங்குமா?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்*

கழுவுவதால் சீக்கிரம் மங்காது ஐயா, கம்பி நாரைப் போட்டுத் தேய்க்காமல் இருந்தால் சரி. அந்தக் கோப்பைக்குமேல் ஒரு பாலியெஸ்டர் பூச்சு இருக்கிறது, 180 முதல் 200 டிகிரி சூட்டில் சாயம் ஆவியாகி அந்தப் பூச்சுக்குள் இறங்கியிருக்கிறது. ஆனால் ஜன்னல் ஓரம் வெயிலில் அலங்காரமாக வைத்தால் வெளுக்கும். தலைமுறைக்கும் நிற்க வேண்டுமென்றால் பீங்கான் டிகால் என்று ஒன்று உண்டு, கண்ணாடித் தூளும் உலோக நிறமியும் கலந்து அச்சடித்து, ஒட்டி, சுமார் 800 டிகிரியில் சூளையில் சுடுவது. பாட்டி வீட்டுப் பீங்கான் தட்டில் இருக்கும் ரோஜாப் பூக்கள் பெரும்பாலும் அப்படி வந்தவை.

ரேடியம் ஸ்டிக்கரில் ரேடியம் இருக்கிறதா?
*வாசகி, கரூர்*

இல்லை. பெயர் மட்டும்தான் அந்தக் காலத்துக் கடிகார முள்ளில் பூசிய ரேடியத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. இது வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிற பொடிக் கண்ணாடி மணிகள். நல்ல ரகம் ஏழு வருஷம், மணிகளுக்குப் பதில் பொடிப் பட்டகங்கள் உள்ள ரகம் பத்து வருஷம் என்று தயாரிப்பாளர்கள் சொல்வார்கள். ஆனால் அதை எழுத்தாக வெட்டும்போது ஓரம் வழியாகத் தண்ணீர் உள்ளே போய்க் கருக்கும், சின்ன எழுத்தானால் இன்னும் சீக்கிரம். முழுப் பட்டையாக ஒட்டினால்தான் அந்த ஆயுள்.

எல்லாக் கடையிலும் "அஞ்சு வருஷம் கேரண்டி" என்கிறார்கள். எப்படி நம்புவது? பழைய ஸ்டிக்கரை எப்படி எடுப்பது?
*வேன் ஓட்டுநர், சேலம்*

கேரண்டி எதற்கு என்று கேளுங்கள். பல சமயம் அது வினைல் ரோலுக்குத் தயாரிப்பாளர் எழுதியது, மைக்கு இல்லை. ரோலின் பின் தாளைத் திருப்பிப் பாருங்கள், நல்ல கம்பெனி என்றால் பெயரும் ரகமும் அச்சடித்திருக்கும். ஒரு சின்னத் துண்டு வாங்கி, ஒரு நாள் கழித்து நகத்தால் சுரண்டுங்கள், செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள், டேப்பில் நிறம் வந்தால் அடுத்த கடையைப் பாருங்கள். அப்புறம் வண்டியின் கருப்பு பிளாஸ்டிக் மட்கார்டில் ஒட்டி உரிந்துவிட்டது என்று கடையைத் திட்டாதீர்கள், அந்தப் பிளாஸ்டிக்கில் சாதாரணப் பசை பிடிக்காது.

எடுப்பதற்கு ஹேர் டிரையர் போதும். ஒரு மூலையைச் சூடாக்கி, செங்குத்தாக இழுக்காமல் பரப்போடு படுத்த மாதிரி மெதுவாக உரியுங்கள். காஸ்ட் வினைல் ஒரே தோலாக வரும், வெயிலில் காய்ந்த காலெண்டர் வினைல் அப்பளம் மாதிரி நொறுங்கும், பொறுமை வேண்டும். மிஞ்சும் பசைக்கு மண்ணெண்ணெய் அல்லது நீலகிரித் தைலம் தொட்ட துணி. தின்னர் வேண்டாம், ஸ்டிக்கரோடு பெயிண்டும் வந்துவிடும்.